காட்பாடியில இறங்கின பிள்ளை எங்க படுக்கும்? தற்காலிகக் காப்பகம் பத்தி கொஞ்சம் விரிவா

வீட்டுல கோச்சுக்கிட்டு கிளம்பிப்போன பையனை ஸ்டேஷன்ல புடிச்சு ஹோம்ல விட்டிருக்காங்கன்னு சேதி வந்தா, நம்ம வேலூர் பக்கம் ஆளுங்க முதல்ல கேக்கறது "இன்னா தப்பு பண்ணான்?"னுதான். பெத்தவங்களே அப்படித்தான் பதறுறாங்க, "ஜெயில்ல போட்டுட்டீங்களேம்மா எம்புள்ளைய"னு அழுதுக்கிட்டு வர்ற அம்மாக்கள் இருக்காங்க. காகிதப்பட்டறையில அரசினர் பாதுகாப்பு இடம் இருக்கு, கேஸ்ல மாட்டின பையனுங்க அங்கேருந்து தப்பிச்சாங்கன்னா அது பேப்பர்ல வரும், அந்த சேதிய படிச்சு படிச்சு அரசாங்க ஹோம்னாலே எல்லாம் ஒண்ணுதான்னு ஊரே நெனச்சிக்கிட்டு இருக்கு. இந்த பயத்தாலேயே ராத்திரி பஸ் ஸ்டாண்டுல தனியா உக்காந்திருக்கற பிள்ளைய பாத்தும் யாரும் 1098ங்கற குழந்தைங்க உதவி எண்ணுக்கு போன் போடறதில்ல, "ஏன் பாவம் அவன வம்புல மாட்டி விடணும்"னு நாலு பேரும் நகந்து போயிடறாங்க. அதனாலதான் இத எழுதறேன்.

சட்டத்துல இது ரெண்டும் ரெண்டு தனித்தனி பாதை. 2015ல வந்த இளைஞர் நீதி சட்டம் பிள்ளைங்கள ரெண்டா பிரிக்குது, குற்ற வழக்குல சிக்கினவங்க ஒரு பக்கம், கவனிப்பும் பாதுகாப்பும் தேவைப்படறவங்க இன்னொரு பக்கம். கூர்நோக்கு இல்லம், பாதுகாப்பு இடம் எல்லாம் முதல் பக்கத்துக்கு. வீட்டை விட்டு ஓடி வந்தவங்க, காணாம போனவங்க, தெருவுல தங்கறவங்க, பதினெட்டு வயசுக்கு முன்னாடியே கல்யாணம் பண்ணி வைக்கப் பாக்கறாங்கன்னு தவிக்கற பொண்ணுங்க, இவங்க எல்லாரும் ரெண்டாவது பக்கம். இவங்களுக்குத்தான் குழந்தைகள் இல்லம், வரவேற்பு இல்லம், அப்புறம் ஓப்பன் ஷெல்டர்னு சொல்ற தற்காலிகக் காப்பகம். இந்த ரெண்டு வகைப் பிள்ளைங்களையும் ஒரே கூரைக்கு கீழ வைக்கக் கூடாது. இந்தியாவுலயே முதல் குழந்தைகள் சட்டம் 1920ல நம்ம மெட்ராஸ் மாகாணத்துல வந்ததுதான், நூறு வருஷத்துக்கு மேல ஆகியும் ஜனங்க மனசுல அந்த வித்தியாசம் பதியல.

ஆனா ஜனங்க பயப்படறதுக்கு காரணமே இல்லன்னு சொல்லிட முடியாது. 2022 டிசம்பர் கடைசியில செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்துல 17 வயசுப் பையன் ஒருத்தன அடிச்சதுல செத்தே போனான், அங்க வேலை பாத்தவங்களே கைதானாங்க, அதுக்கப்புறம்தான் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில ஒரு நபர் குழு போட்டாங்க. அது கேஸ்ல சிக்கின பிள்ளைங்களுக்கான இடம், நாம பேசறது வேற, ஆனாலும் பூட்டின கதவுக்குப் பின்னாடி பிள்ளைய விட்டா என்ன ஆகும்னு ஒரு தாய் பயந்தா அந்த பயம் நியாயமானதுதான். அதுக்காகத்தான் இந்த மாதிரி இடம் எதுவா இருந்தாலும் பதிவு பண்ணியே ஆகணும்னு சட்டத்துல இருக்கு, பதிவு இல்லாம நடத்தினா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா குறைஞ்சது ஒரு லட்சம் அபராதம், ரெண்டும் கூட சேந்து வரலாம். நல்ல மனசோட யாராவது "எங்க ஆசிரமத்துல விட்டுடுங்க, நாங்க பாத்துக்கறோம்"னு சொன்னாலும் பதிவு சர்ட்டிபிகேட் கேக்கறதுல தப்பே இல்ல, கேக்கணும்.

இப்ப காட்பாடிக்கு வருவோம். சென்னை பெங்களூரு லைனும் விழுப்புரம் திருப்பதி லைனும் ஒண்ணை ஒண்ணு தொடற இடம் அது. திருவண்ணாமலை பக்கம் கிராமத்துல அப்பாகிட்ட அடி வாங்கின பையன் போளூர்லயோ ஆரணி ரோட்லயோ வண்டி ஏறினா இங்கதான் வந்து சேருவான், சித்தூர் பக்கத்துலேருந்து கிளம்பினவனும் இங்கதான், சென்னையிலேருந்து பெங்களூரு போலாம்னு டிக்கெட் இல்லாம ஏறினவன டிடிஆர் இறக்கி விடற இடமும் பெரும்பாலும் இதுதான். கேரளாவுக்கு வேலைக்கு கூட்டிக்கிட்டுப் போற ஜார்க்கண்ட், ஒடிசா பசங்க வர்ற வண்டியும் இந்த வழியாத்தான் போகுது. ரயில்வே பாதுகாப்புப் படையான ஆர்.பி.எஃப் காரங்க ரயில்வே எல்லையில பிள்ளைங்கள மீக்கறதுக்கு 'நன்ஹே ஃபரிஷ்டே'னு ஒரு திட்டம் வச்சிருக்காங்க, அந்த கணக்குப்படி 2018ல மட்டும் நாடு முழுக்க 17,112 பிள்ளைங்கள மீட்டிருக்காங்க, அதுல 13,187 பேர் வீட்டை விட்டு ஓடி வந்தவங்க. 2024ல முதல் அஞ்சு மாசத்துல மீட்ட 4,607 பேர்ல 3,430 பேரும் அப்படித்தான். கடத்திட்டு வந்தது, கூட்டத்துல தொலைஞ்சது எல்லாம் சேத்தாலும் மிச்சம் கால் பங்குதான், நாலுல மூணு பிள்ளை தன் காலால நடந்து வெளிய வந்தது. இந்த விஷயத்த மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க, ஏன்னா தொலைஞ்ச பிள்ளைய வீட்டுல கொண்டு போய் விட்டா வேலை முடிஞ்சுது, தானா கிளம்பின பிள்ளைய கொண்டு போய் விட்டா அங்கதான் வேலையே ஆரம்பிக்குது.

ஸ்டேஷன்ல இறங்கற பிள்ளைய முதல்ல யார் பாக்கறாங்கங்கறதுதான் எல்லாத்தையும் தீர்மானிக்குது. போலீஸ் பாக்கலாம், டீக்கடைக்காரர் பாக்கலாம், "தம்பி சாப்டியா, ஹோட்டல்ல வேலை இருக்கு, தங்க இடம் தர்றோம் வர்றியா"னு கேக்கறவனும் பாக்கலாம். அந்த மூணாவது ஆளுக்கு பயிற்சியே தேவையில்ல, பையைக் கட்டிப் புடிச்சிக்கிட்டு, வர்ற வண்டி எல்லாத்தையும் பாத்துக்கிட்டு, எதுலயும் ஏறாம உக்காந்திருக்கற பிள்ளைய ஒரே பார்வையில கண்டுபுடிச்சிடுவான். பசிக்கற நேரத்துல சோறு போடறவன் பின்னாடி எந்தப் பிள்ளையும் போகும். பெங்களூரு ஹோட்டல் பாத்திரம் கழுவற இடம், முறுக்கு கம்பெனி, செங்கல் சூளைன்னு அங்கேருந்து வழி எங்க எங்கயோ போகுது, பொண்ணா இருந்தா சொல்லவே வேணாம்.

நான் பாத்த ஒரு பையனப் பத்தி மட்டும் சொல்றேன், ஊர் பேர் எதுவும் வேணாம். ஸ்கூல் பேன்ட், மேல கலர் பனியன், பையில ஒரு செட் துணி, ஒரு சோஷியல் புக், சார்ஜ் போன போன். ஸ்டேஷன்ல எழுதிக்கிட்ட பேர் பொய், ஊர் பொய், அப்பா பேரும் பொய். காப்பகத்துல இருந்த அக்கா அந்தப் பேப்பர வாங்கி ஓரமா வச்சுட்டு "இட்லி இருக்கு, தோசை வேணும்னா ஊத்தித் தர்றேன், இன்னா வேணும்?"னு மட்டும்தான் கேட்டாங்க. தோசைன்னான். சாப்ட்டு முடிச்சதும் சோப்பு, டவலு, மாத்துத் துணி. பையைத் தொறந்து உள்ள என்னென்ன இருக்குன்னு அவன் கண்ணு முன்னாடியே எழுதி அவன்கிட்ட கையெழுத்து வாங்கினாங்க, அந்த புக்க மட்டும் குடுக்க மாட்டேன்னான், சரி வச்சுக்கோன்னுட்டாங்க. ராத்திரி பூரா லைட் எரிஞ்சிக்கிட்டே இருந்துச்சு, அவன் சொல்லித்தான். காலையில பல்லு தேய்க்கும்போது தானாவே வந்து "அக்கா, எம்பேரு அது இல்ல"னான். போலீஸ் ஸ்டேஷன்ல எத்தன மணி நேரம் கேட்டாலும் வராத உண்மை அது, ஒரு ராத்திரி பயமில்லாம தூங்கினதும் வந்துச்சு. தற்காலிகக் காப்பகத்தோட மொத்த வேலையும் இதுக்குள்ள இருக்குன்னு நான் நினைக்கறேன்.

சட்டம் இதுக்கு நேரமும் குறிச்சு வச்சிருக்கு. பிள்ளைய கண்டெடுத்த 24 மணி நேரத்துக்குள்ள, பயண நேரத்த விட்டுட்டு, மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன்னாடி நிறுத்தணும். தலைவர் ஒருத்தர், உறுப்பினர் நாலு பேர், அதுல ஒரு பெண்ணாவது இருக்கணும், மாசத்துல 20 நாளாவது உக்காரணும். இவங்களுக்கு முதல் வகுப்பு மாஜிஸ்ட்ரேட்டுக்கு இருக்கற அதிகாரம் இருக்கு, ஆனா கோர்ட் மாதிரி கூண்டு எல்லாம் கிடையாது, ஒரு டேபிளச் சுத்தி உக்காந்து பேசற இடம். குழு உக்காராத நேரத்துலயும், லீவு நாள்லயும், அன்னிக்கு டியூட்டியில இருக்கற ஒரு உறுப்பினர் முன்னாடி நிறுத்தலாம். பிள்ளைய ஸ்டேஷன்ல படுக்க வைக்கக் கூடாது, கூட வர்ற போலீஸ் யூனிபார்ம்ல வரக் கூடாது. ஒவ்வொரு காவல் நிலையத்துலயும் குழந்தை நல அலுவலர்னு ஒரு போலீஸ்காரர் இதுக்குன்னே இருக்கணும். சாதாரண ஆளு கண்டெடுத்தாலும் 24 மணி நேரத்துக்குள்ள 1098க்கோ, பக்கத்து ஸ்டேஷனுக்கோ, குழுவுக்கோ தகவல் சொல்லணும், சொல்லலன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலோ பத்தாயிரம் ரூபா வரைக்கும் அபராதமோ ரெண்டுமோ வரலாம். "பாவம்னு வீட்டுல வச்சு ஒரு வாரம் சோறு போட்டேன்"னு நல்லெண்ணத்துல சொல்றவங்களும் இதுக்குள்ள வந்துடுவாங்க, இது நிறைய பேருக்குத் தெரியாது.

அதுக்கப்புறம் சமூக விசாரணை. சமூகப் பணியாளர் வீட்டுக்கே போய், அக்கம் பக்கத்துல விசாரிச்சு, ஸ்கூல்ல கேட்டு, 15 நாளுக்குள்ள அறிக்கை குடுக்கணும், குழு நாலு மாசத்துக்குள்ள முடிவு சொல்லணும். இந்த 15 நாள்தான் என்னைப் பொறுத்த வரைக்கும் உயிர்நாடி. இந்த நாள்ல பிள்ளை எங்க இருக்கும்? பெரிய குழந்தைகள் இல்லத்துல கொண்டு போய் வருஷக்கணக்கா இருக்கற பிள்ளைங்களோட சேத்தா மிரண்டுடும், இல்லன்னா கேட்டு ஏறிக் குதிச்சு மறுபடி ஓடிடும். அதுக்காகத்தான் ஓப்பன் ஷெல்டர்னு சட்டத்துலயே தனியா ஒரு பிரிவு. சின்ன இடம், ஒரு யூனிட்டுக்கு 25 பிள்ளைங்க கணக்கு, ஊருக்குள்ளயே இருக்கணும், கொஞ்ச நாள் தங்கறதுக்கு மட்டும். தெருவுல தங்கற பிள்ளை பகல்ல வந்து குளிச்சு சாப்ட்டு படிச்சுட்டுப் போகலாம், ராத்திரி தங்கலாம். போலீஸ் கூட்டிக்கிட்டு வந்தாத்தான் உள்ள விடுவோம்னு இல்லாம, பிள்ளை தானா வந்து கதவத் தட்டற மாதிரி இருக்கணும்ங்கறதுதான் அந்த யோசனையோட அடிப்படை.

ஏன் கிளம்பறாங்க? வெளியிலேருந்து பாக்கறவங்களுக்கு "போன் குடுக்கலன்னு ஓடிட்டான்", "மார்க் கம்மின்னு ஓடிட்டா"ன்னு ஒரு வரியில முடிஞ்சிடும். பத்தாவது, பன்னெண்டாவது ரிசல்ட் வர்ற நாள்ல இது நடக்கறது உண்மைதான். ஆனா போன் வாங்கித் தராதது கடைசி நாள்ல நடந்தது, அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷமா என்ன நடந்துச்சுன்னு பொறுமையா கேட்டாத்தான் வரும். தினமும் குடிச்சுட்டு வந்து அம்மாவ அடிக்கற அப்பா, ரெண்டாவது கல்யாணத்துக்கப்புறம் வீட்டுல தனக்கு இடம் இல்லாத மாதிரி ஆன பையன், சொந்தக்காரன் ஒருத்தன் தொட்டத யார்கிட்டயும் சொல்ல முடியாத பொண்ணு, ஹாஸ்டல்ல சீனியருங்க பண்ற கொடுமை, முன்பணம் வாங்கிட்டு வேலைக்கு அனுப்பி வச்ச பெத்தவங்க. குடியாத்தம் பக்கம் பீடிக்கும் தீப்பெட்டிக்கும் பிள்ளைங்கள முன்பணத்துக்கு அடகு வைக்கற மாதிரி வச்ச காலம் ரொம்ப தூரத்துல இல்ல, அந்த தலைமுறை இன்னிக்கு அப்பா அம்மாவா இருக்காங்க, அவங்களுக்கு பதினாலு வயசுல வேலைக்குப் போறது பெரிய விஷயமாவே தெரியாது. தொட்ட விஷயம் வெளிய வந்துட்டா அது போக்சோ கேஸ், கேட்டவங்க யாரா இருந்தாலும் போலீஸ்ல சொல்லியே ஆகணும், அப்படிப்பட்ட வீட்டுக்கு பிள்ளைய திருப்பி அனுப்பற பேச்சே வராது.

இங்கதான் நம்ம ஊர் நடைமுறை சறுக்குது. "பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்டார்"னு பேப்பர்ல போட்டோவோட வர்ற சேதியப் பாத்து எல்லாரும் சந்தோஷப்படறோம். எத்தன சீக்கிரம் ஒப்படைச்சாங்களோ அவ்ளோ நல்ல வேலைன்னு அதிகாரிங்களும் நினைக்கறாங்க, பெத்தவங்களும் ஆபீஸ் வாசல்ல நின்னுக்கிட்டு "இப்பவே அனுப்பிடுங்க மேடம், நாளைக்கு ஸ்கூல் இருக்கு"னு நெருக்கறாங்க. அம்மா டிபன் பாக்ஸ்ல பிள்ளைக்குப் புடிச்ச புளிசாதம் எடுத்துக்கிட்டு வந்திருப்பாங்க, அப்பா உள்ள வராம வண்டிகிட்டயே நிப்பாரு. அந்த அப்பாவ உள்ள கூப்புட்டு உக்கார வச்சு பேசாம பிள்ளைய மட்டும் அனுப்பி வச்சா மூணு மாசத்துல அதே பிள்ளை மறுபடி வண்டி ஏறும், இந்த தடவ காட்பாடியில இறங்காது, இறங்கினா புடிச்சுடுவாங்கன்னு அதுக்குத் தெரியும், நேரா பெங்களூரு போயிடும். ரெண்டாவது தடவ ஓடற பிள்ளைய கண்டுபுடிக்கறது முதல் தடவ மாதிரி சுலபம் இல்ல. அதனாலதான் வீட்டுக்கு அனுப்பற வேகத்த வச்சு ஒரு காப்பகத்த மதிப்பிடக் கூடாதுன்னு நான் திரும்பத் திரும்ப சொல்றேன், அனுப்பினதுக்கப்புறம் அந்தப் பிள்ளை வீட்டுல தங்குச்சாங்கறதுதான் கேள்வி. அனுப்பினதுக்கப்புறம் யாராவது போய் பாக்கணும்னு விதியிலயும் இருக்கு, அதுக்கு ஆளும் வண்டியும் சம்பளமும் வேணும், அதுதான் எப்பவும் கடைசியில கிடைக்குது.

வறுமையாலதான் பிள்ளை கிளம்பிச்சுன்னா அதுக்கும் வழி இருக்கு, அது நிறைய குடும்பத்துக்குத் தெரியல. மத்திய அரசோட மிஷன் வாத்சல்யா திட்டத்துல ஸ்பான்சர்ஷிப்னு மாசம் 4,000 ரூபா பிள்ளை பேர்ல குடுக்கறாங்க, கணவன் செத்துப்போன, விட்டுட்டுப் போன பொண்ணுங்க வளக்கற பிள்ளைங்க, பெத்தவங்களுக்கு பெரிய வியாதி இருக்கற பிள்ளைங்க மாதிரி ஆளுங்களுக்கு. வருமான வரம்பு கிராமத்துல வருஷம் 72,000, நகரத்துல 96,000. ஹோம்ல சேத்துதான் படிக்க வைக்கணும்னு இல்லாம வீட்டுலயே வச்சு படிக்க வைக்கறதுக்கு இது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுல கேட்டா விண்ணப்பம் குடுப்பாங்க.

பதினாறு பதினேழு வயசுப் பொண்ணுங்க விஷயம் தனியா சொல்லணும். வேலூர் மாவட்டத்துல சின்ன வயசுக் கல்யாணத்த நிறுத்தினாங்கன்னு சேதி வராத மாசம் கம்மி. அப்படி நிறுத்தின அன்னிக்கு சாயந்திரம் அந்தப் பொண்ணு எங்க போகும்? பத்திரிகை அடிச்சு, பந்தல் போட்டு, சொந்தமெல்லாம் வந்து உக்காந்திருக்கற வீட்டுக்கு அன்னிக்கு ராத்திரி திரும்பினா அவ கதி என்ன. அவளுக்கும் இந்த தற்காலிகக் காப்பகம்தான். இன்னொரு பக்கம் காதலிச்சு ஓடிப்போன பொண்ணு, 2013ல சுப்ரீம் கோர்ட் சொன்னபடி பிள்ளை காணோம்னு புகார் வந்தாலே எஃப்.ஐ.ஆர் போடணும், கடத்தலா இருக்கலாம்னு வச்சுதான் விசாரிக்கணும், அதனால அந்தப் பையன் மேல கேஸ், பொண்ணு காப்பகத்துல. அவ வீட்டுக்குப் போக மாட்டேன்னு சொல்லுவா, காப்பகத்துலயும் இருக்க மாட்டேன்னு சொல்லுவா, பதினெட்டு முடியற தேதிய எண்ணிக்கிட்டு இருப்பா. இவங்கள ஒழுக்கம் கெட்டவங்கன்னு பாக்கற வார்டன் ஒருத்தர் இருந்தா போதும், அந்த இடமே நாசமாயிடும். நான் கேட்ட வரைக்கும் பொண்ணுங்க அதிகமா சொல்ற குறை சாப்பாடு இல்ல, படுக்கை இல்ல, "அவங்க பேசற பேச்சு"தான்.

வெளி மாநிலப் பிள்ளைங்க விஷயத்துல வேலூருக்கு ஒரு வசதி இருக்கு, இத எத்தன பேர் யோசிச்சிருக்கீங்கன்னு தெரியல. சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வர்ற வங்காளத்துக்காரங்களால காந்தி ரோடு பக்கம் லாட்ஜ், மெஸ், பெட்டிக்கடை எல்லாத்துலயும் பெங்காலி பேச ஆள் இருக்கு, ஹிந்தி சொல்லவே வேணாம், காட்பாடி பக்கம் தெலுங்கு பேசாத தெருவே கம்மி. மத்த ஊர்ல பாஷை தெரியாம ரெண்டு நாள் ஊமை மாதிரி உக்காந்திருக்கற பிள்ளைக்கு இங்க அரை மணி நேரத்துல பேச ஒரு ஆள் கிடைச்சுடும். அந்த மாதிரி மொழி தெரிஞ்ச கடைக்காரங்க, வி.ஐ.டி. யுனிவர்சிட்டியில படிக்கற வெளி மாநில மாணவர்கள் லிஸ்ட் ஒண்ணு காப்பகத்துல இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும், மொழிபெயர்ப்பாளருக்கு சட்டத்துலயே இடம் இருக்கு. பேச்சு புரிஞ்சதும் குழு அந்தப் பிள்ளைய அதோட சொந்த மாவட்டக் குழுவுக்கு மாத்தி அனுப்பும், தனியா டிக்கெட் எடுத்து ஏத்தி விடக் கூடாது, கூட ஆள் போகணும்.

சரி, பதினெட்டு தாண்டினா? இதுதான் எனக்கு ராத்திரி தூக்கம் வராத விஷயம். பதினேழே முக்கால் வயசுல ஓடி வந்தா குழு, காப்பகம், கவுன்சலிங் எல்லாம் இருக்கு. பதினெட்டரையில வந்தா? பொண்ணுன்னா 181ங்கற பெண்கள் உதவி எண்ணுக்கு போன் பண்ணலாம், மாவட்டத்துக்கு ஒண்ணுன்னு இருக்கற சகி ஒருங்கிணைந்த சேவை மையத்துல அஞ்சு நாள் வரைக்கும் தங்கலாம், அப்புறம் நீண்ட நாள் இல்லத்துக்கு அனுப்புவாங்க. பையன்னா நகர்ப்புற வீடற்றோர் விடுதி, அங்க பிச்சை எடுக்கற முதியவர், மனநலம் பாதிச்சவர், குடிநோயாளின்னு எல்லாரோடயும் சேந்து ஒரு ஹால்ல படுக்கணும், பத்தொம்பது வயசுப் பையன் ஒரு ராத்திரி பாத்துட்டு மறுநாள் பிளாட்பாரத்துக்கே வந்துடுவான். பிற்காப்புன்னு 21 வயசு வரைக்கும் உதவி இருக்கு, ஆனா அது இல்லத்துல வளந்து வெளிய வர்றவங்களுக்கு, முதல் தடவையா வீட்டை விட்டு வந்தவனுக்கு அது கிடையாது.

இதுலயும் ரொம்ப தவிக்கறது திருநங்கை, திருநம்பிப் பிள்ளைங்களும் தன் பாலினத்தவர விரும்பறதால வீட்டுல வதைபடறவங்களும். 2021 ஜூன்ல மெட்ராஸ் ஹைகோர்ட்ல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு தீர்ப்பு குடுத்தாரு, மதுரையிலேருந்து சென்னைக்கு பாதுகாப்பு தேடி வந்த ரெண்டு இளம் பெண்கள் போட்ட வழக்கு அது. காணோம்னு புகார் வந்து விசாரிக்கறப்ப அவங்க வயசு வந்தவங்க, விருப்பப்பட்டுதான் போனாங்கன்னு தெரிஞ்சா வாக்குமூலம் வாங்கிட்டு புகார முடிச்சிடணும், இருக்கற குறுகிய கால விடுதிகள இவங்களும் தங்கற மாதிரி மாத்தணும்னு அதுல இருக்கு. தீர்ப்பு நல்ல தீர்ப்பு, நம்ம ஊர் விடுதி வாசல்ல அது எந்த அளவுக்கு வந்து சேந்திருக்குன்னு ஒவ்வொரு விடுதியிலயும் போய் கேக்கணும்.

அமெரிக்காவுல 1974லயே வீட்டை விட்டு ஓடற இளசுங்களுக்குன்னு தனிச் சட்டம் போட்டாங்க. அதுல ரெண்டு படி. பதினெட்டுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு 21 நாள் வரைக்கும் தங்கற சின்ன மையம், ஒரு இடத்துல 20 பேருக்கு மேல வைக்கக் கூடாது, 72 மணி நேரத்துக்குள்ள பெத்தவங்களுக்கு தகவல் சொல்ல ஏற்பாடு பண்ணணும். வீடு திரும்ப முடியாத 16 வயசுக்கு மேல 22க்கு கீழ இருக்கறவங்களுக்கு ஒன்றரை வருஷம் வரைக்கும் தங்கி வேலை கத்துக்கற வீடு. அங்கயும் எல்லாம் சரியா நடக்குதுன்னு நான் சொல்ல வரல, அந்த நாட்டுத் தெருவுலயும் பிள்ளைங்க படுக்கறாங்க. ஆனா பதினெட்டாவது பிறந்த நாள் அன்னிக்கு கதவ சாத்தாத அந்த ரெண்டாவது படி நமக்கு வேணும், நம்ம பிள்ளைங்க பதினெட்டுல எங்க சொந்தக் கால்ல நிக்கறாங்க.

நம்ம பழைய வடாற்காடு எப்படி எப்படியோ பிரிஞ்சு, 2019ல வேலூர் மூணா உடைஞ்சு ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு தனி மாவட்டம் ஆச்சு. காகிதத்துல மாவட்டம் பிரிஞ்சாலும் ஓடி வர்ற பிள்ளைக்கு எல்லை கிடையாது, வாணியம்பாடி பையன் காட்பாடியில கிடைப்பான், குடியாத்தம் பொண்ணு ஜோலார்பேட்டையில கிடைப்பா. மாவட்டத்துக்கு ஒரு குழுவாவது இருக்கணும்னு சட்டம் சொல்லுது, மூணு மாவட்டக் குழுவும் ஒருத்தர் போன ஒருத்தர் எடுக்கற அளவுக்காவது பழக்கம் வச்சிருக்கணும். கலெக்டருக்கு 2021 திருத்தத்துல இந்த விஷயத்துல அதிகாரம் கூட்டியிருக்காங்க, இல்லங்கள ஆய்வு பண்ணலாம், குழு மேல புகார் இருந்தா அவர்கிட்டயே குடுக்கலாம். திங்கக்கிழமை குறை தீர்க்கும் நாள்ல பட்டா, முதியோர் பென்ஷன்னு நிக்கற வரிசையில ஒரு தடவை நாமளும் நின்னு, காட்பாடி ஸ்டேஷன்லேருந்தும் வேலூர் பஸ் ஸ்டாண்டுலேருந்தும் பிள்ளை நடந்தே போற தூரத்துல ராத்திரியும் கதவு தொறந்திருக்கற ஓப்பன் ஷெல்டர், ஆம்பளைப் பசங்களுக்கு தனி, பொண்ணுங்களுக்கு தனி, ராத்திரி டியூட்டிக்கு பெண் பணியாளரோட வேணும்னு மனு குடுக்கணும், வருஷம் ஒரு தடவை ஆய்வு அறிக்கையில என்ன எழுதியிருக்காங்கன்னும் கேக்கணும்.

வாட்ஸ்அப் பத்தி சொல்லாம விட முடியாது. "இந்தக் குழந்தை காட்பாடியில் கிடைத்தது, பெற்றோரைச் சேரும் வரை பகிரவும்"னு முகம் தெரிய போட்டோவோட வர்ற மெசேஜ தயவு செஞ்சு அனுப்பாதீங்க. காப்பகத்துல இருக்கற பிள்ளையோட பேர், முகம், ஸ்கூல் எதையும் வெளியிடக் கூடாது, ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தப் பிள்ளை யாருக்கு பயந்து ஓடி வந்துச்சோ அவன் கைக்குத்தான் அந்த மெசேஜ் முதல்ல போய் சேரும். வீட்டுக்குப் போனப்புறமும் ஸ்கூல்ல எல்லார் போன்லயும் அந்த முகம் கிடக்கும், கிண்டல் தாங்காம மறுபடி கிளம்பும். போட்டோ போட்டாத்தான் பெத்தவங்கள கண்டுபுடிக்க முடியும்ங்கற நிலைமைன்னா குழு அனுமதியோட அவங்களே போடுவாங்க.

நாளைக்கு நீங்க அந்த மாதிரி ஒரு பிள்ளைய பாத்தா, 1098. எந்த போன்லேருந்து அடிச்சாலும் காசு இல்ல, ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க, 1996ல பம்பாய்ல தொண்டு நிறுவனமா ஆரம்பிச்ச சேவை 2023லேருந்து அரசாங்கமே நடத்துது, 112ங்கற அவசர எண்ணோடயும் இணைச்சிருக்காங்க. எந்த இடம், எந்த பிளாட்பாரம், பிள்ளை என்ன டிரஸ் போட்டிருக்கு, கூட யாராவது இருக்காங்களா, அடிபட்டிருக்கா, இதத்தான் கேப்பாங்க, உங்க பேர் வேணாம்னா சொல்ல வேணாம். ஸ்டேஷனுக்குள்ளன்னா ஆர்.பி.எஃப் ரூம்லயும் சொல்லலாம். பிள்ளைய கேள்வி கேட்டுத் துளைக்காதீங்க, கையப் புடிச்சு இழுக்காதீங்க, "அம்மா அப்பா எவ்ளோ கஷ்டப்படுவாங்க"னு அறிவுரை ஆரம்பிக்காதீங்க, அது அந்தப் பிள்ளைக்கு ஏற்கனவே தெரியும். தண்ணி பாட்டிலும் பிஸ்கெட்டும் வாங்கிக் குடுத்து, கொஞ்சம் தள்ளி, அவங்க வர்ற வரைக்கும் கூடவே நில்லுங்க. வண்டி பிடிக்கணும்னு அவசரம்னா பக்கத்துல ஒரு கடைக்கார அக்காகிட்ட சொல்லி ஒப்படைச்சுட்டுப் போங்க. வந்தவங்ககிட்ட அடையாள அட்டை கேளுங்க, கோச்சுக்க மாட்டாங்க.